ஆப்பிளுக்குப் பதிலாக வந்த கண்ணாடி உருண்டை

சென்ற டிசம்பரில் நம் லாபியில் வைத்திருந்த கிறிஸ்துமஸ் மரத்திலிருந்து இரண்டு கண்ணாடி உருண்டைகள் விழுந்து உடைந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடும் இடம். யாருக்கும் குத்தவில்லை, ஆனால் குத்தியிருக்கலாம். அடுத்து நடந்த கமிட்டிக் கூட்டத்தில், "அந்தப் பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு பிளாஸ்டிக்கில் வாங்கிவிடலாம், விலையும் குறைவு, உடையவும் செய்யாது" என்று ஒரு யோசனை வந்தது. நியாயமான யோசனைதான். வருகிற டிசம்பருக்குள் இதற்கு ஒரு முடிவு எடுக்க வேண்டும்.

பெட்டி என்றால், பம்பு அறைக்குப் பக்கத்து ஸ்டோர் ரூமில், பழைய ஷாமியானா துணிக்குக் கீழே இருக்கிறதே, அந்த அட்டைப்பெட்டி. பி பிளாக்கில் முன்பு குடியிருந்த ஒரு குடும்பம் ஊர் மாறிப் போகும்போது சங்கத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனது. உடைந்த இரண்டையும் முறத்தில் கூட்டி அள்ளியது நான்தான். ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெளிப்பக்கம் நல்ல சிவப்பு. உள்பக்கமோ முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி வெள்ளிப் பளபளப்பு. கனம் முட்டை ஓட்டைவிடக் குறைவு. உருண்டையின் வாயோ ஒரு பென்சில்கூடச் சரியாக நுழையாத அளவு. இவ்வளவு சின்ன வாய் வழியாக உள்ளே எப்படி ரசம் பூசினார்கள்? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் படிக்க ஆரம்பித்தேன். பெட்டியின் தலைவிதியை முடிவு செய்வதற்கு முன் உங்களுக்கும் இது தெரிந்திருந்தால் நல்லது என்று எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கியது ஆரம்பத்தில் அலங்காரமே இல்லை, தின்பண்டம். இடைக்கால ஜெர்மனியில் டிசம்பர் 24 ஆதாம் ஏவாளின் நாள். அன்று ஏதேன் தோட்டத்துக் கதையை நாடகமாக நடிப்பார்கள். கதைக்கு மரம் வேண்டும், மரத்தில் கனி வேண்டும். உறைபனிக் காலத்தில் இலை உதிராமல் பச்சையாக நிற்பது ஊசியிலை மரம்தான். ஆகவே அதை வெட்டி வந்து, கிளைகளில் ஆப்பிளைக் கட்டினார்கள். நாடகம் காலப்போக்கில் நின்றுபோனது. மரம் மட்டும் வீட்டுக்குள் வந்துவிட்டது.

1605-இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்துக்குப் போன ஒரு பயணி எழுதிவைத்த குறிப்பு கிடைத்திருக்கிறது. அவர் பெயர் தெரியாது. அங்கே மக்கள் வீட்டுக் கூடத்தில் ஊசியிலை மரத்தை நிறுத்தி, அதில் பல நிறக் காகித ரோஜாக்கள், ஆப்பிள், மெல்லிய அப்பம், தங்கத் தகடு, சர்க்கரை இவற்றைத் தொங்கவிடுகிறார்கள் என்கிறது அந்தக் குறிப்பு. அலங்கரித்த மரத்தைப் பற்றி இவ்வளவு விவரமாகச் சொல்லும் மிகப் பழைய எழுத்துகளில் அது ஒன்று. மார்ட்டின் லூதர் காட்டு வழியில் நடந்தபோது கிளைகளுக்கு நடுவே நட்சத்திரங்களைப் பார்த்து, வீட்டு மரத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினார் என்ற கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அழகான கதை. அவர் காலத்து ஆவணம் எதிலும் அது இல்லை.

ஜெர்மன் வீடுகளில் அந்த மரத்துக்குச் 'சர்க்கரை மரம்' என்றே ஒரு பெயர் உண்டு. பண்டிகை முடிந்ததும் பிள்ளைகளை மரத்தின்மேல் அவிழ்த்து விடுவார்கள். ஆப்பிள், வால்நட், இனிப்பு ரொட்டி எல்லாம் அவர்கள் வயிற்றுக்குள் போய்விடும். மரம் மொட்டையாகும். அடுத்த வருடத்துக்கு எடுத்துவைக்க ஒன்றும் இருக்காது. இன்றைக்கு நாம் பெட்டியில் பத்திரப்படுத்தும் சமாசாரம் எல்லாம் பின்னால் வந்தது. அது வந்த இடம் ஒரு சின்ன மலையூர்.

ஜெர்மனியின் நடுவே துரிங்கியா என்ற காட்டுப் பகுதி. அதில் ஒரு குறுகலான பள்ளத்தாக்கில் லௌஷா என்ற ஊர் இருக்கிறது. விவசாயத்துக்கு நிலம் போதாது. ஆனால் உலைக்கு விறகு உண்டு, மணல் உண்டு, சுண்ணாம்புக்கல் உண்டு. 1597-இல் ஹான்ஸ் கிரைனர், கிறிஸ்டோஃப் மியூல்லர் என்ற இருவர் அங்கே கண்ணாடி உலை வைக்க அனுமதி பெற்றார்கள். ஊர் அவர்களால் உண்டானது. இருவரின் வாரிசுகளும் பெருகி, ஊரில் யாரைக் கூப்பிட்டாலும் கிரைனர் அல்லது மியூல்லர் என்று ஆகிவிட்டது. அதனால் குடும்பத்துக்கு ஒரு ஒட்டுப்பெயர் சேர்த்துக்கொண்டார்கள். நம் கிராமங்களில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருந்தால் வீட்டுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்து அழைப்பார்களே, அதே ஏற்பாடு.

லௌஷாக்காரர்கள் குடிக்கும் கோப்பை செய்தார்கள், மணி செய்தார்கள். நீங்களும் நானும் சின்ன வயதில் ஆடிய கண்ணாடிக் கோலிக்குண்டைச் சுலபமாக உருட்டி வெட்டி எடுக்கும் கத்தரிக்கோலை 1840-களில் உருவாக்கியவர்கள் இவர்கள்தான். பொம்மைக்குக் கண் செய்தார்கள். 1835-இல் லுட்விக் மியூல்லர்-ஊரி என்ற லௌஷாக்காரர், கண் இழந்த மனிதர்களுக்குப் பொருத்தும் கண்ணாடிக் கண்ணையே செய்தார். பெரிய உலையில் ஊதுவது ஒரு வேலை. அங்கே இழுத்துக் கொடுக்கும் கண்ணாடிக் குழாயை வாங்கிவந்து, வீட்டு மேஜையில் விளக்குச் சுடரில் காட்டி இளக்கி ஊதுவது இன்னொரு வேலை. இந்த இரண்டாவது வேலைக்கு மூலதனம் அதிகம் வேண்டாம். ஏழை வீடுகளில் அதுதான் நடந்தது.

இங்கே ஒரு கதை சொல்வார்கள். 1847-இல் ஒரு ஏழைக் கண்ணாடி ஊதுபவருக்கு, மரத்தில் கட்ட ஆப்பிளும் வால்நட்டும் வாங்கக் காசில்லை. பிள்ளைகள் ஏமாந்துபோவார்களே என்று கண்ணாடியிலேயே ஆப்பிளையும் கொட்டையையும் ஊதித் தொங்கவிட்டார். அப்படித்தான் இந்த உருண்டை பிறந்தது என்று. இது கதை மட்டுமே. ஆவணமாக இருப்பது அதற்கு மறுவருடத்து ஆர்டர் புத்தகம்: 1848-இல் லௌஷாவின் ஒரு பட்டறைக் கணக்கில், பல அளவில் ஆறு டஜன் கிறிஸ்துமஸ் உருண்டைகளுக்கு ஆர்டர் பதிவாகியிருக்கிறது. அதாவது 72 உருண்டை. கதையில் வரும் அப்பா தன் வீட்டுக்குச் செய்தார். கணக்குப் புத்தகத்தில் வருபவரோ அடுத்தவர் வீட்டு மரத்துக்குச் செய்தார். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது, அதுவே உண்மை என்பதால் மட்டுமல்ல. ஆப்பிள் வாங்க வழியில்லாதவர்கள் அந்த ஊரில் நிறைய இருந்தார்கள். அவர்கள் ஊதிய ஆப்பிள், ஆப்பிள் வாங்க வழியிருந்தவர்கள் வீட்டில் போய்த் தொங்கியது.

இனி ரசம் பூசும் கதை. முதலில் வந்த உருண்டைகளுக்கு உள்ளே ஈயம் கலந்த உலோகத்தை உருக்கி ஊற்றிச் சுழற்றுவார்கள். கனம் கூடும், பளபளப்பு மங்கல். யுஸ்டஸ் ஃபான் லீபிக் என்ற புகழ்பெற்ற ஜெர்மன் வேதியியலாளர், சில்வர் நைட்ரேட் கரைசலிலிருந்து வெள்ளியைப் பிரித்துக் கண்ணாடியின்மேல் மெல்லிய படலமாகப் படியவைக்கும் முறையைக் கண்டுபிடித்திருந்தார். பாதரசம் இல்லாமல் முகக்கண்ணாடி செய்வதற்கான வழி அது. 1870 வாக்கில் லௌஷா அதை உருண்டைக்குள் கொண்டுபோனது. சின்ன வாய் வழியாகக் கரைசலைக் கொஞ்சம் ஊற்றி, உருண்டையை வெந்நீரில் பிடித்துக் குலுக்குவார்கள். சில விநாடிகளில் உள்சுவர் முழுக்க வெள்ளி படிந்துவிடும். மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டால் வேலை முடிந்தது. என் கேள்விக்கு விடை இவ்வளவு எளிது என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கரைசல் தோலில் பட்டால் கறுத்துவிடும், கழுவினால் போகாது. கண்ணாடி வெளுக்க வெளுக்க, பூசியவரின் விரல் கறுக்கும்.

இன்னொரு மாற்றம் 1867-இல் வந்தது. லௌஷாவில் எரிவாயு நிலையம் கட்டினார்கள். அதுவரை எண்ணெய் விளக்கும் துருத்தியும்தான். எரிவாயுச் சுடரைத் திருகினால் கூடும், குறையும். சூடு சீராக இருந்ததால் பெரிய உருண்டையை மெல்லிய சுவரோடு ஊத முடிந்தது. நம் லாபியில் உடைந்ததே, அந்த மாதிரி லேசான உருண்டை சாத்தியமானது அந்தக் குழாய் எரிவாயுவால்தான்.

ஒரு லௌஷா வீட்டை இப்படிக் கற்பனை செய்து பாருங்கள். சமையலும் படுக்கையும் பட்டறையும் ஒரே இடம். ஜன்னலோர மேஜையில் அப்பா குழாயைச் சுடரில் உருட்டி ஊதுகிறார். திராட்சைக் கொத்து, பைன் காய், பறவை போன்றவற்றுக்குச் சூட்டோடு அச்சுக்குள் வைத்து ஊதுகிறார். அம்மா ரசம் பூசுகிறார். பெரிய பிள்ளைகள் சாயத்தில் முக்கி, நீட்டிக்கொண்டிருக்கும் காம்பைப் பிடித்து, கூரைக்குக் கீழே ஆணி அடித்த சட்டத்தில் வரிசையாகக் காயவைக்கிறார்கள். பிறகு ஒருவர் காம்பை வெட்ட, ஒருவர் தகர மூடியும் கம்பிக் கொக்கியும் மாட்ட, கடைசிப் பிள்ளை டஜன் டஜனாக அட்டைப்பெட்டியில் அடுக்குகிறது. பள்ளிக்கூடம் விட்டதும் தொடங்கினால் இரவு எந்நேரம் முடியும் என்று இல்லை. டிசம்பர் பண்டிகைக்கான வேலை பல மாதங்களுக்கு முன்பே ஓடவேண்டும்.

சரக்கு போகவேண்டிய ஊர் சோனபெர்க். பொம்மை வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். மொத்த வியாபாரிகள் அங்கேதான் இருந்தார்கள். மலைப்பாதையில் பதினைந்து இருபது கிலோமீட்டர். பெண்கள் முதுகில் கட்டிய உயரமான கூடைகளில் உருண்டைகளை ஏற்றி நடந்தே போவார்கள். 1886-இல்தான் லௌஷாவுக்கு ரயில் வந்தது. தயாரிப்பவர் ஒரு வீடு, விலை வைப்பவர் இன்னொருவர். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் யாருக்காக? ஜெர்மனிக்கு வெளியே மரம் பரவியதற்குப் பெரிய காரணம் ஒரு படம். பிரிட்டிஷ் அரண்மனைக்கு ஜெர்மன் உறவு ஏற்கெனவே உண்டு. 1800-லேயே சார்லட் அரசி விண்ட்சரில் ஒரு மரம் வைத்திருந்தார். ஆனால் ஊர் அறிந்தது 1848-இல். அந்த வருடம் 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' பத்திரிகை, விக்டோரியா அரசியும் கணவர் ஆல்பர்ட்டும் பிள்ளைகளும் அலங்கரித்த மரத்தைச் சுற்றி நிற்பதாக ஒரு சித்திரம் வெளியிட்டது. லௌஷாவின் ஆறு டஜன் ஆர்டரும் அதே வருடம் என்பதைக் கவனியுங்கள். 1850-இல் ஒரு அமெரிக்கப் பெண்கள் பத்திரிகை அதே படத்தை எடுத்து, அரசியின் தலையிலிருந்த கிரீடத்தையும் ஆல்பர்ட்டின் மீசையையும் நீக்கிவிட்டு, சாதாரண அமெரிக்கக் குடும்பம் போல வெளியிட்டது. ராஜா வீட்டு வழக்கம் அப்படி நடுத்தர வீட்டு வழக்கமாயிற்று. போட்டோஷாப் வருவதற்கு முன்பே இந்த வேலையெல்லாம் நடந்திருக்கிறது!

அமெரிக்காவுக்கு லௌஷா உருண்டையைக் கொண்டுசேர்த்தவர் எஃப். டபிள்யூ. வுல்வொர்த். எது எடுத்தாலும் பத்து ரூபாய் என்று நம் தெருமுனையில் கடை போடுவார்களே, அந்த யோசனைக்கு முப்பாட்டனார் அவர். அவர் கடையில் எல்லாம் ஐந்து சென்ட் அல்லது பத்து சென்ட். 1880-இல் பிலடெல்பியாவில் ஒரு இறக்குமதியாளர் இந்தக் கண்ணாடி உருண்டைகளைக் காட்டியபோது, இது வண்டியிலேயே உடைந்துபோகும், இதை எதற்கு வாங்குவார்கள் என்று வுல்வொர்த் மறுத்தாராம். விற்காவிட்டால் பொறுப்பு என்னுடையது என்று இறக்குமதியாளர் வாக்குக் கொடுத்த பிறகுதான் 25 டாலருக்குச் சரக்கு எடுத்தார். லான்காஸ்டரில் இருந்த அவர் கடையில் இரண்டே நாளில் தீர்ந்துபோனது. அவரே பின்னாளில் சொன்ன கதை இது. 1890-இல் அவர் நேரே துரிங்கியாவுக்குப் போனார். ஐரோப்பாவிலேயே மிகவும் ஏழையான மக்கள்தான் இவற்றைச் செய்கிறார்கள் என்று வீட்டுக்குக் கடிதம் எழுதினார். எழுதிவிட்டு இன்னும் நிறைய ஆர்டர் கொடுத்தார். அவரைக் குறை சொல்வதா, பாராட்டுவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆர்டர் இல்லாவிட்டால் அந்த வீடுகளில் உலை கொதித்திருக்காது. ஒரு உருண்டை ஐந்து சென்ட்டுக்குக் கிடைத்ததே, அது அந்தப் பிள்ளைகளின் தூக்கத்தால்.

நடுவில் வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதுவரை மரத்தில் எரிந்தது நிஜ மெழுகுவர்த்தி. காய்ந்த ஊசியிலையின் நடுவே நெருப்பு! பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும், குச்சியில் கட்டிய ஈரப் பஞ்சும் வைத்துக்கொண்டு பெரியவர் ஒருவர் காவல் நிற்பார். 1882-இல் எடிசனோடு பணியாற்றிய எட்வர்ட் ஜான்சன், நியூயார்க்கில் தன் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களில் 80 மின்விளக்குகளை எரியவிட்டார். மரம் சுழலவும் செய்ததாம். நம் லாபி சீரியல் செட்டுக்கு அதுதான் ஆதி.

மின்விளக்கு இன்னொரு வழியிலும் இந்தக் கதைக்குள் வருகிறது. இரண்டாம் உலகப் போர் நெருங்கியபோது, ஜெர்மன் சரக்கு இனி கப்பலேறாது என்று மாக்ஸ் எக்கார்ட் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் ஊகித்தார். அவரே சோனபெர்க் பக்கத்தில் பிறந்தவர். மின்பல்பின் கண்ணாடிக் கூட்டை மின்னல் வேகத்தில் செய்துகொண்டிருந்த கார்னிங் நிறுவனத்தை அணுகினார். பல்பின் கூடும் உருண்டைதானே? அந்த இயந்திரத்தில் நிமிடத்துக்கு ஆயிரத்துக்கு மேல் ஊதலாம். 1939 டிசம்பரில் 2,35,000-க்கும் அதிகமான உருண்டைகள் வுல்வொர்த் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. மறுவருடம் ஒரு நாளைக்கு 3,00,000 என்ற அளவை எட்டியது உற்பத்தி. ஒரு லௌஷா வீடு முழுவதும் இரவு பகலாக உட்கார்ந்து செய்வதை இயந்திரம் டீ ஆறுவதற்குள் செய்துவிடும். 'ஷைனி பிரைட்' என்ற பெயரில் அவை விற்றன. போர் முற்றியபோது வெள்ளி கிடைக்கவில்லை. ஆகவே ரசம் பூசாத வெறும் கண்ணாடியில் மெல்லிய வண்ணக் கோடுகள் மட்டும் இழுத்தார்கள். தகர மூடிக்குப் பதில் அட்டை மூடி. போர்க்கால உருண்டைக்கு இன்றைய சேகரிப்பாளர்கள் தனியாக விலை கொடுக்கிறார்கள், அந்த அட்டை மூடிக்காகவே.

மரத்தில் எதைத் தொங்கவிடுகிறார்கள் என்று பார்த்தால் அந்த நாட்டில் அப்போது யார் கை ஓங்கியிருந்தது என்று தெரிந்துவிடும். முதல் உலகப் போரின்போது ஜெர்மன் மரங்களில் செப்பலின் விமானமும் போர்ப் பதக்கமும் தொங்கின. நாஜிகள் சுவஸ்திகா போட்ட உருண்டைகள் செய்யவைத்தார்கள். சோவியத் யூனியனில் மரமே மத வழக்கம் என்று தடைபட்டிருந்தது. 1935 டிசம்பர் 28 அன்று 'பிராவ்தா'வில் பாவெல் போஸ்டிஷெவ் என்ற தலைவர் எழுதிய கடிதத்துக்குப் பிறகு, கிறிஸ்துமஸ் மரமாக அல்லாமல் புத்தாண்டு மரமாக அது திரும்பி வந்தது. உச்சியில் பெத்லகேம் நட்சத்திரத்துக்குப் பதில் சிவப்பு நட்சத்திரம். குருஷேவ் எல்லோரையும் மக்காச்சோளம் பயிரிடச் சொன்ன காலத்தில் கண்ணாடி மக்காச்சோளக் கதிர் தொங்கியது. விண்வெளிக்குப் போன பிறகு கண்ணாடி விண்வெளி வீரர்கள் தொங்கினார்கள்.

போருக்குப் பின் லௌஷா கிழக்கு ஜெர்மனிக்குள் போயிற்று. சில மைல் தள்ளி எல்லைவேலி. வேலி இறுகுவதற்கு முன் சில குடும்பங்கள் பவேரியாப் பக்கம், கோபுர்க் அருகிலுள்ள நொய்ஷ்டாட்டுக்குப் போய்ப் புதிதாக மேஜை போட்டு ஊதத் தொடங்கின. மிஞ்சியவர்கள் அரசு ஆலையில் ஊதினார்கள். அந்த உருண்டைகளும் அந்நியச் செலாவணிக்காக மேற்கு நாடுகளுக்குத்தான் பெரும்பாலும் போயின. 1990-இல் ஜெர்மனி மீண்டும் ஒன்றான பிறகு லௌஷாவில் குடும்பப் பட்டறைகள் மறுபடி திறந்தன. இன்றும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் அங்கே உருண்டைச் சந்தை கூடுகிறது. 2023-இல் ஜெர்மனி உள்ளிட்ட ஆறு ஐரோப்பிய நாடுகளின் கைவினைக் கண்ணாடித் தொழிலை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு மூன்று வருடம் முன்பே, செக் நாட்டில் ஊதிய கண்ணாடி மணிகளைக் கோத்து மர அலங்காரம் செய்யும் தொழில் அந்தப் பட்டியலில் ஏறிவிட்டது.

நம் நாட்டிலும் இந்தத் தொழில் இருக்கிறது. வளையலுக்குப் பேர்போன ஃபிரோசாபாத்தில் கண்ணாடி உருண்டைகள் ஊதி ஏற்றுமதி செய்கிறார்கள். ஸ்ரீநகரில் காகிதக்கூழால் உருண்டை, மணி, நட்சத்திரம் செய்து, சினார் இலையும் பூவும் வரைகிறார்கள். வரைபவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பத்தினர், வாங்குவது ஐரோப்பாவும் அமெரிக்காவும். அங்கேயும் வீடுதான் பட்டறை. நம் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ வீடுகளில் ஊசியிலை மரத்துக்குப் பதில் சவுக்குக் கிளை நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஜெர்மன்காரர் கையில் கிடைத்த பச்சை மரத்தை வெட்டிவந்தார், நம்மவர் கையில் கிடைத்ததை வெட்டிவந்தார்.

ஜிகினாவைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது, ஏனென்றால் இது பாதுகாப்பு விஷயம். மரத்தில் பனிக்கட்டி வழிவது போலத் தொங்கும் அந்தப் பளபள இழைகள் ஒரு காலத்தில் ஈயத்தில் செய்யப்பட்டன. ஈயம் கனமாக இருப்பதால் நேராகத் தொங்கும், அழகாக இருக்கும். குழந்தைகள் வாயில் வைத்தால் விஷம். அமெரிக்காவில் 1972-இல்தான் உற்பத்தியாளர்களோடு பேசி அதை நிறுத்த ஏற்பாடு செய்தார்கள். இப்போது கடையில் கிடைப்பது பிளாஸ்டிக். யார் வீட்டிலாவது பாட்டி காலத்து ஜிகினா இருந்து, கையில் கனமாகவும் மடித்தால் மடித்தபடியே நிற்பதாகவும் தெரிந்தால், தயவுசெய்து லாபி மரத்துக்குக் கொடுக்க வேண்டாம்.

சரி, பிளாஸ்டிக் வாங்கலாமா? பிளாஸ்டிக்கை நான் இழிவாக நினைக்கவில்லை. இன்று கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி சீனாவில் செய்த பிளாஸ்டிக் உருண்டைகள்தான். பிள்ளைகள் கையில் கொடுக்க அதைவிட நல்லது இல்லை. ஆனால் நம் லாபியில் சென்ற வருடம் நான் பார்த்தது ஒன்று. லிஃப்டுக்குக் காத்திருந்தவர்களில் நாலு பேருக்கு ஒருவராவது மரத்துக்குக் கிட்டே போய், ஒரு உருண்டையில் தன் முகத்தைப் பார்த்தார்கள். செக்யூரிட்டி அண்ணன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். மூக்கு பெரிதாக, லாபி முழுவதும் வளைந்து, வாசல் வரைக்கும் அந்தச் சின்ன வட்டத்துக்குள் தெரியும். உள்பக்கம் வெள்ளி படிந்திருப்பதால் அந்தப் பிம்பத்துக்கு ஒரு ஆழம் இருக்கிறது. வெளியே சாயம் அடித்த பிளாஸ்டிக்கில் இந்த ஆழம் வருவதில்லை.

உடையும் என்பதும் அதன் ஈர்ப்பில் ஒரு பங்கு என்றே நினைக்கிறேன். கொலு வைக்கும் வீடுகளுக்கு இது புரியும். பரணிலிருந்து பெட்டியை இறக்கி, பழைய துணியைப் பிரித்து, போன வருடம் கை ஒடிந்த செட்டியார் பொம்மையைத் தனியே எடுத்துவைக்கும்போது யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. உடையக்கூடியதைத்தான் இரண்டு கையாலும் பிடிக்கிறோம். பி பிளாக் குடும்பம் இந்த உருண்டைகளை எத்தனை வருடம் அப்படிப் பிடித்துக் கட்டியிருக்கும் என்று பெட்டியைப் பார்த்தாலே தெரிகிறது. ஒவ்வொன்றும் தனித்தனியாக மெல்லிய காகிதத்தில் சுற்றியிருக்கிறது.

எண்ணிப் பார்த்தேன். 31 மிச்சம். அதில் ஒன்று திராட்சைக் கொத்து, ஒன்று வால் மட்டும் போன பறவை, ஒன்று ஆப்பிள். மற்றவை உருண்டைகள்.

கமிட்டி முன் என் யோசனை இதுதான். பெரியவர் ஒருவரின் தோள் உயரத்துக்கு மேலே கண்ணாடி. அதற்குக் கீழே பிளாஸ்டிக்கும், பிள்ளைகள் செய்யும் காகித ரோஜாவும். 1605-லேயே காகித ரோஜா இருந்திருக்கிறது, நாமும் செய்யலாம். கண்ணாடியைக் கம்பிக் கொக்கியில் மட்டும் மாட்டாமல் நூலாலும் ஒரு முடிச்சுப் போட்டுவிடுவோம். சென்ற வருடம் விழுந்த இரண்டுமே மூடி துருப்பிடித்துக் கழன்றதால் விழுந்தவை. ஒவ்வொரு மூடியையும் மாட்டுவதற்கு முன் பார்த்தால் போதும். யாரும் தண்ணீர் விட்டுத் துடைக்க வேண்டாம், பழைய சாயம் கையோடு வந்துவிடும். காய்ந்த மெல்லிய துணியால் தூசியைத் தட்டினால் போதும்.

டிசம்பர் முதல் ஞாயிறு காலை 10 மணிக்கு கிளப் ஹவுஸில் பெட்டியைத் திறக்கிறோம். பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தோன்றுகிறவர்கள் அங்கேயே சொல்லலாம். அட்டைப்பெட்டியின் அடிப்பாகம் ஈரத்தில் நைந்துபோயிருப்பதால், வீட்டில் முப்பது முட்டை பிடிக்கும் அட்டைத் தட்டு இருந்தால் எறியாமல் எடுத்து வாருங்கள். இரண்டு தட்டு கிடைத்தால் 31-க்கும் இடம் வந்துவிடும்.